பழைய விமானங்களைக் காண ஒரே ஒரு பயணம்: இரத்மலானையா, பெங்களூரா, இங்கிலாந்தா, நம் கடலடியா?

பழைய விமானங்களில் ஈடுபாடு கொண்டவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அதிகம் பேர் இல்லை. ஆயினும் இருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: சேமித்த பணமும் கிடைக்கும் விடுமுறையும் ஒரு பயணத்துக்குத்தான் போதும் என்றால் எங்கே போவது? கல்முனையில் ஆசிரியராக இருக்கும் ஒருவர், மாணவர்களை இரத்மலானைக்கு அழைத்துச் செல்வதா, அந்தப் பணத்தில் பாடசாலைக்கு மாதிரி விமானங்கள் வாங்குவதா என்று கேட்கிறார். கல்லடியில் ஓய்வுபெற்று வாழும் ஒருவருக்கு மகள் இலண்டனில் இருக்கிறார்; எனினும் பெங்களூர் விமானக் கண்காட்சி அருகில் இருப்பதால் அவருக்கு முடிவெடுக்க இயலவில்லை. பாசிக்குடாவில் சுழியோடப் பழகிய ஓர் இளைஞர், கையிலுள்ளதையெல்லாம் ஹெர்மிஸ் கப்பலைக் காண்பதற்கே செலவிடலாமா என்கிறார்.

இந்த ஆர்வம் நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை. திமிலதீவில் ஓடுபாதை இருக்கிறது; கல்லோயாத் திட்டத்தின் காலத்தில் எழுந்த விமான நிலையம் அம்பாறையின் உகணையில் இருக்கிறது. விமானம் தாங்குவதற்கென்றே முதலிலிருந்து வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பலான பிரித்தானியாவின் ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. ஆகவே மேற்கண்ட கேள்விகளுக்குக் கவனமாக விடை தேடுவது தகும்.

## எதை வைத்து அளப்பது

முதலாவதும் தலையாயதுமான அளவுகோல், விமானத்தை நிற்கக் காண விரும்புகிறீர்களா, பறக்கக் காண விரும்புகிறீர்களா என்பது. பலர் இதைத் தமக்குள் தீர்த்துக்கொள்ளாமலே பயணச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். கூடத்துக்குள் நிற்கும் விமானம் தன் பழைய உலோகத்தையும், சில வேளைகளில் பழைய வண்ணப்பூச்சையும், அதைப் பழுதுபார்த்தவர்கள் இட்ட குறிகளையும் காத்து வைத்திருக்கும். பறக்கும் விமானமோ, பாதுகாப்பின் பொருட்டுத் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கையின் குறுக்குச் சட்டம் முதல் இயந்திரத்தின் உட்பாகங்கள் வரை புதியவை ஏறிய பின்னர், தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்த பொருளில் எஞ்சியிருப்பது சிறு பங்காகவும் இருக்கலாம். அதற்கு ஈடாக அது ஒலியையும் மணத்தையும் அசைவையும் தருகிறது. எந்த நூதனசாலையும் இம்மூன்றையும் தர முடியாது. பறப்பை நிலைநிறுத்துவது விமானத்தின் உரிமையாளருடைய விருப்பத்தை மட்டும் சார்ந்ததுமல்ல: கடைசியாகப் பறந்துகொண்டிருந்த வல்கன் குண்டுவீச்சு விமானம் 2015 ஒக்டோபரில் தரையில் நிறுத்தப்பட்டதற்குக் காரணம், அதற்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டதே.

இரண்டாவது, எவ்வளவு அருகில் போகலாம் என்பது. மூன்றாவது, போன நாளில் நினைத்ததைக் காண்போம் என்ற நிச்சயம். நான்காவது செலவு, சீட்டின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே என்பதால், மறைந்திருக்கும் செலவுகளை ஒவ்வொரு தெரிவின் கீழும் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். ஐந்தாவதாக நம் சொந்த வரலாற்றோடு அந்த விமானத்துக்கு உள்ள தொடர்பையும் சேர்த்திருக்கிறேன். இதைப் பிறர் சேர்க்காமல் விடலாம், நான் விடமாட்டேன்.

| அளவுகோல் | இரத்மலானை | பெங்களூர் | இங்கிலாந்து | ஹெர்மிஸ் சிதைவு | வீட்டில் மாதிரி |
|---|---|---|---|---|---|
| நிற்பதா, பறப்பதா | நிற்பது | நூதனசாலையில் நிற்பது. கண்காட்சியில் பறப்பவை புதியவை | இரண்டும் | விமானமே இல்லை | இரண்டும் இல்லை |
| அருகில் போகும் வாய்ப்பு | மிக நன்று | நூதனசாலையில் நன்று; கண்காட்சியில் குறைவு | சிறு திடல்களில் மிக நன்று | பயிற்சி உள்ளவருக்கு மட்டும் | முழுமையாக |
| நிச்சயம் | உயர்வு | நடுத்தரம் | காற்றையும் மழையையும் பொறுத்தது | கடலைப் பொறுத்தது | உயர்வு |
| மொத்தச் செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் | குறைவிலிருந்து நடுத்தரம் |
| நம் வரலாற்றுத் தொடர்பு | நேரடி | குறைவு | 1942 வழியாக உண்டு | மிக நேரடி | தெரிவைப் பொறுத்தது |

## இரத்மலானை விமானப்படை நூதனசாலை

இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2 ஆம் திகதி, அன்றைய அரச இலங்கை விமானப்படையாகத் தொடங்கப்பட்டது. அதன் முதற் பத்தாண்டில் பறந்த சிப்மங் பயிற்சி விமானம், பலியோல், டவ், ஹெரன், 1959 இல் வந்த ஜெட் புரொவோஸ்ட், 1971 கிளர்ச்சியின் போது சோவியத் ஒன்றியம் வழங்கிய மிக்-17 ஆகியவற்றை ஒரே வளாகத்தில் காண நாட்டில் வேறு இடமில்லை. 2009 இல் பொதுமக்களுக்கான நூதனசாலையாகத் திறக்கப்பட்ட இந்த இடத்தின் இன்னொரு சிறப்பு, அது நாட்டின் முதல் விமான நிலையத்தை ஒட்டியே இருப்பது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதற் சேவையாக டகோட்டா விமானம் காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் புறப்பட்டதும் இதே ஓடுபாதையிலிருந்துதான். உள்நாட்டு விமானங்கள் இன்றும் அங்கே ஏறி இறங்குகின்றன.

அங்கு போகிறவர்கள் விமானங்களின் பெயர்ப்பலகைகளை வாசிப்பதோடு நின்றுவிடாமல், அரிமானத்தையும் கவனிக்க வேண்டும். இரத்மலானைக்குக் கடல் மிக அருகில் இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அலுமினியக் கலப்புலோகத்தின் ஓரங்களிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் வெள்ளைப் பொடியாகப் பூக்கச் செய்யும்; வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அது இன்னும் விரைவாகும். கூரையின் கீழ் நிற்பதற்கும் வெளியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவர் தன் கண்ணாலேயே கண்டு குறித்துக்கொள்ளலாம். வெப்ப நாட்டில் விமானங்களைப் பாதுகாப்பது எவ்வளவு கடினமான பணி என்பது அப்போது விளங்கும். இரண்டாம் உலகப் போரில் மரத்தால் செய்யப்பட்ட மொஸ்கிற்றோ விமானங்கள் இந்தியாவில் பசைப் பிணைப்பு விட்டுப்போனதால் 1944 இறுதியில் தரையில் நிறுத்தப்பட்டன என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

மறைந்த செலவுகளில் முதலாவது பயண நேரம். மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் புறப்பட்டால் விடியற்காலையில் கொழும்பு கோட்டையை அடைந்து, காலி வீதி வழியாகவோ கரையோரப் புகையிரதத்திலோ போகலாம். அம்பாறைக்குப் புகையிரதப் பாதை இல்லாததால் அங்கிருந்து வருவோருக்கு பஸ் அல்லது வாடகை வான் செலவு கூடும். பெருங்குழுவாகப் போவோர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு, தமிழில் விளக்கம் சொல்ல ஒருவர் கிடைப்பாரா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது செலவு பணத்தில் அளக்க முடியாதது. அங்கு நிற்பவற்றில், உள்நாட்டுப் போரில் தாக்குதலுக்குப் பயன்பட்ட சியாய் மார்க்கெட்டி, புக்காரா போன்ற விமானங்களும் உண்டு. போர்க்காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் வாழ்கிறது. தாயையோ தந்தையையோ அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், அங்கே என்ன நிற்கிறது என்பதை முன்னரே சொல்லி, அவர்களுடைய விருப்பத்தைக் கேட்ட பின்னரே அழைத்துச் செல்ல வேண்டும். அந்த விமானங்களை மறைத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஒரு நாட்டின் நூதனசாலை அதன் கசப்பான காலத்தையும் காட்டத்தான் வேண்டும். ஆனால் அவற்றைப் பார்க்கும் கண்கள் எல்லாம் ஒரே நினைவோடு வருவதில்லை.

முதன்முறை போகிறவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள், பாடசாலைக் குழுவினர் ஆகிய மூவருக்கும் இதுவே முதல் தெரிவு. இதைப் பார்க்காமல் கடல் கடந்து போவதில் எனக்கு உடன்பாடில்லை.

## பெங்களூர்

இங்கே இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001 இல் திறந்த நூதனசாலை. மற்றொன்று, 1996 முதல் பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டுகளின் பெப்ரவரியில் யெலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி.

நூதனசாலை சிறியது, ஆனால் ஒழுங்கானது. ஜேர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்கின் தலைமையில் உருவாகி 1961 இல் முதலாகப் பறந்த மாருத் போர் விமானத்தை அருகில் நின்று பார்ப்பது, தெற்காசியாவில் விமானம் கட்டும் முயற்சி எவ்வளவு முன்னரே தொடங்கியது என்பதை உணர்த்தும். ஏரோ இந்தியாவோ, அடிப்படையில் ஆயுத வணிகச் சந்தை. வணிகருக்கான நாட்கள் கழிந்த பின்னரே பொதுமக்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். வானில் பறப்பவை பெரும்பாலும் புதிய ஜெட் விமானங்கள். இந்திய விமானப்படையின் சாகச அணியான சூரிய கிரணின் ஒன்பது ஹோக் ஜெட் விமானங்கள் இறக்கையோடு இறக்கை நெருங்கிப் பறப்பது அழகானதே. ஆனால் அதே அணியும் சாரங் ஹெலிகொப்டர் அணியும் 2021 மார்ச்சில் காலிமுகத்திடலுக்கு வந்து காட்சி தந்தன. அதைக் காண விசா தேவைப்படவில்லை. இந்திய விமானப்படையிடம் பழைய விமானங்களுக்கென ஒரு பிரிவு உண்டு. பரசுராமா என்று பெயரிடப்பட்டு 2018 இல் பறப்பு நிலையில் இந்தியா வந்த டகோட்டா அதில் முக்கியமானது. அது குறிப்பிட்ட நாளில் பறக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் பயணத்தைத் திட்டமிடக்கூடாது.

மறைந்த செலவுகளாக விசா, கண்காட்சி வாரத்தில் உயரும் விடுதிக் கட்டணம், நகரின் வாகன நெரிசலில் போகும் மணித்தியாலங்கள் ஆகியவற்றைச் சொல்லலாம். பெருங்கூட்டத்தின் ஆபத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 ஒக்டோபர் 6 ஆம் திகதி சென்னை மெரினாவில் நடந்த இந்திய விமானப்படைக் காட்சிக்குப் பல இலட்சம் பேர் திரண்டனர். வெப்பத்துக்கும் நெரிசலுக்கும் நடுவே ஐவர் உயிரிழந்தனர். முதியோரையும் சிறுவர்களையும் கொண்டு நண்பகல் வெயிலில் நடக்கும் எந்தக் காட்சிக்கும் போவதற்கு முன், நிழல், தண்ணீர், வெளியேறும் வழி ஆகிய மூன்றும் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவத்துக்காகவோ படிப்புக்காகவோ ஏற்கெனவே பெங்களூர் போகும் தேவை உள்ளவர்கள் நூதனசாலைக்கு ஒரு முற்பகலை ஒதுக்கலாம். பழைய விமானத்துக்காக மட்டும் அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## இங்கிலாந்து

பழைய விமானங்கள் பறப்பதைக் காண்பதே நோக்கமானால் இங்கிலாந்துக்கு நிகரான இடங்கள் மிகக் குறைவு. அதிலும் பெரிய காட்சிகளை விட்டு, பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்ற சிற்றூரில் இருக்கும் ஷட்டில்வேர்த் சேகரிப்பைத்தான் முதலில் சொல்வேன். அங்கே 1909 இல் கட்டப்பட்ட பிளேரியோ விமானம் இன்றும் புல்வெளிக்கு மேல் சில அடி உயரத்தில் சிறு தாவல்களாக எழுகிறது. 1912 ஆம் ஆண்டின் பிளக்பேர்ன் ஒற்றையிறக்கை விமானமும் அங்குதான் இருக்கிறது. இவை காற்று ஏறத்தாழ அடங்கிய மாலை வேளையில் மட்டுமே வெளியே வரும். சிறிது காற்று வீசினாலும் கொட்டகைக்குள் இருந்துவிடும்.

முதலாம் உலகப் போர்க் காலத்துச் சுழல் இயந்திரங்களை இங்கே நேரில் கேட்கலாம். அவற்றில் உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்தே சுழலும். வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் வசதி மிகக் குறைவென்பதால், தரையிறங்கும்போது விமானி எரிபற்றலை விட்டுவிட்டு நிறுத்தித் தொடங்குவார். இயந்திரம் திக்கித் திக்கி ஒலிப்பது அதனாலேயே. மசகாக ஊற்றுவது ஆமணக்கெண்ணெய், நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய். அது எரிந்து வரும் புகை திடல் முழுவதும் மணக்கும். எழுத்திலோ படத்திலோ பிடிக்க முடியாத இந்த அனுபவத்துக்காகத்தான் மனிதர்கள் இவ்வளவு பணத்தையும் உழைப்பையும் செலவிட்டு இந்த இயந்திரங்களைப் பறக்க வைத்திருக்கிறார்கள். அது வீண் செலவு என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை.

நம் வரலாற்றுத் தொடர்பும் இங்கே எதிர்பாராத வகையில் கிடைக்கிறது. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் காத்து எழுந்தவை ஹரிக்கேன் விமானங்கள். அவ்வகையைச் சேர்ந்த கடற்படை ஹரிக்கேன் ஒன்று ஓல்ட் வார்டனில் இருக்கிறது. கட்டப்பட்டவற்றில் கடைசி ஹரிக்கேன், பழைய போர் விமானங்களைப் பறக்க வைத்திருக்கும், கோனிங்ஸ்பியில் உள்ள பிரித்தானிய விமானப்படை நினைவு அணியில் இருக்கிறது. ஹெர்மிஸ் கப்பலில் பணியாற்றிய இருதட்டு சோட்ஃபிஷ் விமான வகையை யோவில்டனில் உள்ள கடற்படை விமான நூதனசாலையில் காணலாம். இலண்டனின் ஹெண்டனில் உள்ள விமானப்படை நூதனசாலைக்கு அனுமதி இலவசம். மழை பெய்து காட்சி நின்றுபோன நாளுக்கு அது நல்ல மாற்று.

செலவு என்று வரும்போது இதுவே மிகக் கனமானது. விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. காட்சிச் சீட்டுகளை முன்பே வாங்க வேண்டும். வானிலையால் பறப்பு நின்றாலும் பணம் திரும்பும் என்று எண்ணிவிடாமல் விதிகளை வாசித்துக்கொள்ள வேண்டும். விபத்துகளும் திட்டத்தை மாற்றிவிடும்: 2015 ஓகஸ்டில் ஷோராமில் பழைய ஹன்டர் ஜெட் வீதியில் விழுந்து பதினொருவர் இறந்த பின்னர் காட்சி விதிகள் இறுக்கப்பட்டன, 2024 மே மாதம் ஸ்பிட்ஃபயர் ஒன்று விழுந்து விமானி இறந்ததையடுத்து நினைவு அணியின் பறப்புகள் சில காலம் நிறுத்தப்பட்டன.

கல்லடி நண்பருக்கு என் விடை இதனால் தெளிவானது. மகளின் வீட்டில் தங்க முடியும் என்பதே செலவின் பெரும் பகுதியை நீக்கிவிடுகிறது. ஒரே ஒரு காட்சி நாளை நம்பிப் போகாமல், மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இரண்டு காட்சி நாட்களேனும் அடங்கும் வகையில் தங்கினால் போதும். தங்குவதற்கு உறவினர் எவரும் இல்லாதவர்களுக்கு, ஒரு நாள் காட்சிக்காக இந்தச் செலவு தகுந்ததன்று.

## ஹெர்மிஸ் சிதைவு

மட்டக்களப்பார் ஒருவருக்கு இதைவிட நெருங்கிய விமான வரலாறு இல்லை. திருகோணமலை தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கையால் ஏப்ரல் 8 ஆம் திகதி இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ், மறுநாள் காலை நம் கரைக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டது. ஜப்பானிய ஐச்சி வகைச் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் அலையலையாகப் பாய்ந்தன; கப்பல் அரை மணி நேரத்துக்குள் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

ஆனால் பழைய விமானத்தைத் தேடிப் போகிறவர் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அன்று அந்தக் கப்பலில் விமானங்களே இல்லை. அவை தரைத் தளத்தில் விடப்பட்டிருந்தன. அதனால்தான் அது தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் போனது. கடலடியில் காணக் கிடைப்பது கப்பலின் உடலும் பீரங்கிகளும் அவற்றைச் சூழ்ந்த மீன் கூட்டங்களும் மட்டுமே.

சிதைவு ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் மேல் எல்லையே 40 மீற்றர். எனவே சாதாரணச் சான்றிதழ் போதாது. அழுத்தத் தளர்வுக்காக இடையில் நின்று நின்று மேலேறும் தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கான கட்டணம், இரட்டைக் காற்றுக் கலன்கள், படகு ஆகிய மூன்றும் சேர்ந்தால் வரும் தொகை பெங்களூர்ப் பயணத்தையும் தாண்டக்கூடும். கடல் அமைதியாக இருப்பது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையே. வாடைக்காற்றுக் காலத்தில் முயலவே கூடாது. அழுத்த மாற்றத்தால் பாதிக்கப்பட்ட சுழியோடிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அவசரத்துக்கு எங்கே இருக்கிறது, அங்கு போகும் வழி என்ன என்பதற்குத் தெளிவான விடை தராத படகுக்காரரோடு கடலுக்குப் போக வேண்டாம். சுழியோடிய மறுநாளே விமானம் ஏறும் திட்டத்தையும் தவிர்க்க வேண்டும்.

பாசிக்குடா இளைஞருக்கு நான் சொல்வது இது. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 25 மீற்றர் அளவிலான ஆழத்தில்தான் இருக்கிறது. அதில் இரண்டு பருவம் பழகுங்கள். பயிற்சியை முடித்த பின்னர் ஹெர்மிசுக்குப் போங்கள். அது மனிதர் மாண்ட இடம். ஒரு பித்தளைத் துண்டைக்கூட மேலே கொண்டுவரக் கூடாது.

## வீட்டிலும் வகுப்பிலும்

கணினிப் பறப்புப் பாவனையை இங்கே விரிவாக எடுக்கவில்லை. நல்ல வரைகலை அட்டை கொண்ட கணினியின் விலையிலும் இணையத் தரவுச் செலவிலும் பாதி இங்கிலாந்துப் பயணம் கரைந்துவிடும் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். பிளாஸ்ரிக் மாதிரிகள் வேறு வகை. ஒரு விமானத்தை 72 இல் ஒரு பங்கு அளவில் கட்டி முடிக்கும் மாணவர், அதன் இறக்கை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, சக்கரம் எங்கே மடங்குகிறது என்பதைக் கையால் அறிந்துகொள்கிறார். மறைந்த செலவு பெட்டிக்கு வெளியே இருக்கிறது: பசை, வண்ணம், தூரிகை, அனுப்புகூலி, சுங்கவரி. எரியக்கூடிய கரைப்பான் கலந்த வண்ணங்களையும் விசிறு கலன்களையும் விமான அஞ்சலில் அனுப்ப முடியாதென்பதால், நீரில் கரையும் வண்ணங்களை உள்ளூரிலேயே தேடிக்கொள்வது எளிது. நம் ஈரக் காலநிலையில் ஒட்டுப்படங்கள் மஞ்சளாகி உடைந்துபோகும். வாங்கிய பெட்டியை ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் வைக்கக் கூடாது.

கல்முனை ஆசிரியர் இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டிய கட்டாயம் உண்மையில் இல்லை. முழு வகுப்புக்கும் பெட்டிகள் வாங்காமல், இரத்மலானைக்குப் போய்வந்த பின்னர் மூன்று நான்கு பெட்டிகளை மட்டும் வாங்கிக் குழுவாகக் கட்டச் செய்யலாம். எந்த விமானத்தை வாங்குவது என்பதில் ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன்: கடையில் முதலில் கண்ணில் படும் ஸ்பிட்ஃபயரை எடுக்காமல், மாணவர்கள் நேரில் கண்டவற்றையே தேட வேண்டும். சிப்மங், ஜெட் புரொவோஸ்ட் இரண்டையும் எயார்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. பெட்டியில் வரும் பிரித்தானியச் சின்னங்களை ஒட்டாமல், நூதனசாலையில் எடுத்த படங்களைப் பார்த்து இலங்கைச் சின்னங்களைத் தாமே வரையும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். அதற்காகவே, போகும் நாளில் ஒவ்வொரு விமானத்தையும் முன்னிருந்தும் பின்னிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் படம் பிடித்துவர ஒரு குழுவை நியமிக்க வேண்டும்.